மாண்புமிகு சட்டை

எங்கள் நாட்டில் பட்டப்பகலில் பரோங் சட்டை போட்டிருப்பவர்கள் மூன்றே வகை: மாப்பிள்ளை, அதிகாரி, பிணம். அன்னாசி நாரில் நெய்து, மார்பில் பூவேலை செய்து, உள்ளே போட்ட பனியன் அப்படியே தெரிகிற அந்தச் சட்டையை வேறு யாரும் வேறு எதற்கும் போடுவதில்லை. லிப்பா ஊரில் மின்விசிறி பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கும் கிரிசாந்தோ மரலித் ஆகிய நான், கைப்பந்து ஆட்டம் பார்க்க அதைப் போட்டுக்கொண்டு மணிலாவுக்குப் போனேன். எல்லாத் தப்பும் அங்கேதான் ஆரம்பித்தது.

போடச் சொன்னவள் என் மனைவி லோர்னா.

"அவளுக்கு இது கடைசி ஆட்டம், சாந்தோ. கல்யாண வீட்டுக்குப் போற மாதிரி போகணும்."

"வாலிபால் பாக்கப் போறதுக்கு யாராவது கல்யாணச் சட்டை போடுவாங்களா?"

"நீ போடுவ."

'அவள்' என்று லோர்னா சொன்னது தன் தங்கை டிவினாவை. டிவினா ஒன்பது வருடமாகத் தேசிய அணியில் இருக்கிறாள், பதினான்காம் நம்பர். இந்த ஒன்பது வருடத்தில் வெளிநாட்டு அணிகளோடு அவள் ஆடிய நேரம் மொத்தமாகக் கூட்டினால் பூஜ்யம். பெஞ்சில் உட்காருவாள், எழுந்து கைதட்டுவாள், தண்ணீர் பாட்டில் எடுத்துக் கொடுப்பாள். ஊரே தொலைக்காட்சியில் பந்தைப் பார்க்கும்போது லோர்னா மட்டும் திரையின் இடது ஓரத்தைப் பார்ப்பாள். "அதோ டிவினா, முழங்காலைத் தடவுறா" என்று எங்களுக்குத் தனியாக ஒரு வர்ணனை ஓடும்.

அப்பா அம்மா போனபின் பதினோரு வயதில் எங்களிடம் வந்தவள் அவள். என் கடையின் பின்சுவரில்தான் சர்வீஸ் அடித்துப் பழகினாள். சுவர் வரை போவதுபோல் போய், கடைசி நேரத்தில் மனசு மாறிப் பொத்தென்று கீழே இறங்குகிற சர்வீஸ் அது. இறங்குகிற இடத்தில்தான் நான் பழுதுபார்த்த விசிறிகளை வரிசையாக வைத்திருப்பேன். மூன்று டேபிள் ஃபேன் போயிற்று. வாடிக்கையாளர்களிடம் நான் சொன்ன பொய்களை இங்கே எழுத முடியாது.

போன வாரம் பயிற்சியாளர் அவளிடம் சொல்லியிருந்தார்: "கஸகஸ்தான் மேட்ச்ல ஒரே ஒரு சர்வீஸாவது உன்னைப் போட வைக்கிறேன்." அந்த ஒரு சர்வீஸுக்காகத்தான் விடியற்காலையில் கிளம்பினோம். நான், லோர்னா, பதின்மூன்று வயது மகள் கைலா, ஒரு பெரிய பை நிறைய சோறும் அடோபோக் கறியும் வேகவைத்த முட்டையும்.

அரங்க வாசலில் காவலாளி ஒருவர் குச்சியோடு நின்றார். பைகளுக்குள் குச்சியை விட்டுக் கிளறுவது எங்கள் நாட்டின் பாதுகாப்பு முறை. கிளறிப் பார்த்து அவர்கள் எதையும் கண்டுபிடித்ததாகச் சரித்திரம் இல்லை, கிளறாமல் விட்டதாகவும் இல்லை. சட்டையில் அர்செனியோ என்று பெயர் தைத்திருந்தது. அவர் குச்சி எங்கள் சோற்றைத் தாண்டி, அடோபோவைத் தாண்டி, முட்டைகளிடம் வந்ததும் ஏனோ நின்றது. கொஞ்ச நேரம் முட்டைகளையே பார்த்தார்.

"வெளிச் சாப்பாடு உள்ள விடக் கூடாது, மேடம்."

"அண்ணே, ஆடறது என் தங்கச்சி. முடிஞ்சதும் அவ இதைத்தான் சாப்பிடுவா."

"ரூல்ஸ் மேடம். நான் போட்டதில்ல." அப்புறம்தான் என்னை நிமிர்ந்து பார்த்தார். நான் நடமாடிக்கொண்டிருந்ததால் பிணம் இல்லை. பக்கத்தில் பதின்மூன்று வயது மகள் நின்றதால் மாப்பிள்ளையும் இல்லை. சட்டென்று குச்சியைக் கக்கத்தில் செருகிக்கொண்டு சல்யூட் அடித்தார். "மன்னிக்கணும் சார். உங்க வாசல் இது இல்ல. அந்தப் பக்கம் போங்க."

அந்தப் பக்கம் சிவப்புக் கம்பளம் விரித்த வாசல். அங்கே காதில் ஒரு கருவி, கையில் ஒரு கருவி, நெற்றியெல்லாம் வியர்வையாக ஒரு பெண் ஓடி வந்தாள். பெயர் மிலாக்ரோஸ். அகில தேசியக் கைப்பந்து வரவேற்பு மற்றும் மேம்பாட்டு ஆணையத்தின் மரியாதைப் பிரிவு அலுவலர்.

"யார் சார்பா வந்திருக்கீங்க சார்?"

"யார் சார்பாவும் இல்லம்மா. டிக்கெட் வாங்கிட்டு வந்திருக்கோம்."

அந்த வாசலில் டிக்கெட் என்ற சொல்லை அவள் அதுவரை கேட்டதே இல்லை போலிருந்தது. என்னை மேலும் கீழும் பார்த்தாள். தோள் அளவை மட்டும் இரண்டு தடவை பார்த்தாள்.

எங்கள் நாட்டில் பெரிய மனிதர்கள் எந்த விழாவுக்கும் வரமாட்டேன் என்று சொல்வதில்லை, அது மரியாதைக் குறைவு. தங்கள் சார்பாக ஒருவரை அனுப்புவார்கள். அந்த ஒருவரும் பெரிய மனிதர்தானே, அவருக்கும் வேறு வேலை இருக்கும், அவர் இன்னொருவரை அனுப்புவார். அன்றைக்கு ஆணையத் தலைவர் மாண்புமிகு எலியோடோரோ பான்சுவேலோ சார்பாகத் துணைத்தலைவர் வருவதாக இருந்தது. துணைத்தலைவர் சார்பாகச் செயலாளர். செயலாளர் சார்பாக அவருடைய பல் டாக்டர். பல் டாக்டருக்கு அன்று பல்வலி.

"நடு நாற்காலி காலியா இருந்தா டிவில தெரியும் சார். என் வேலை போயிடும்," என்றாள் மிலாக்ரோஸ். "உங்ககிட்ட பரோங் இருக்கு. அது போதும்."

"நான் ஃபேன் ரிப்பேர் பண்றவன்மா."

"போன வருஷம் அந்த நாற்காலில உக்காந்தவர் செத்துப்போனவரோட பிரதிநிதி சார். அதெல்லாம் யாரும் கேக்க மாட்டாங்க."

நான் திரும்பி நடக்கப் பார்த்தேன். லோர்னா என் முழங்கையைப் பிடித்தாள்.

"இவர் உக்காந்தா எங்களுக்கு எந்த இடம்?"

"முதல் வரிசை மேடம். வீராங்கனைங்க பெஞ்சுக்கு நேர் பின்னால."

"சாப்பாடு?"

"தலைவர் குடும்பத்து சாப்பாட்டை யார் மேடம் தடுப்பாங்க?"

லோர்னா என் காலரைச் சரிசெய்தாள். பத்தொன்பது வருட மணவாழ்க்கையில் அவள் என்னை ஒருவரிடம் ஒப்படைத்தது அதுதான் முதல் தடவை. என் கழுத்தில் ஒரு அட்டை ஏறியது. தலைவரின் பெயர் கொட்டை எழுத்தில். அதன் கீழே, கண்ணாடி போட்டால் படிக்கும்படி, 'சார்பாக'.

மேடையில் இருபது நாற்காலி. வலப்பக்கம் செனட்டர் ஒருவர் சார்பாக நடுத்தர வயதுப் பெண்மணி ஒருத்தி, கைப்பையிலிருந்து எடுத்த பிஸ்கட்டை யாருக்கும் தெரியாமல் கடித்துக்கொண்டிருந்தாள்.

"புதுசா?" என்றாள்.

"இன்னைக்குத்தான்."

"நான் பதினோரு வருஷம். முந்தாநாள் ஒரு பாலம் திறந்தேன். நேத்து மீன் வாரம். நாளைக்கு எலும்பு நோய் மாநாடு, அதுல கைதட்ட மட்டும்தான்."

"உங்கள அனுப்பினவர் எப்படிப்பட்டவர்?"

"பாத்ததில்ல. போஸ்டர்ல நல்லா இருக்கார்."

விழா தொடங்கியது. ஆயர் சார்பாக ஒருவர் ஜெபித்தார். கடவுள் அதை நேரடியாகக் கேட்டாரா என்று எனக்குத் தெரியாது. பிறகு இருபது பேரும் பேச வேண்டும். ஒவ்வொருவரும் மற்றப் பத்தொன்பது பேரை முழுப் பட்டத்தோடு விளித்து, 'அவர் சார்பாக வந்திருக்கும்' என்று சேர்த்து, அதன்பிறகுதான் பேச வேண்டும் என்பது மரபு. ஒருவர் விட்டுவிட்டால் விடுபட்டவரின் அலுவலகம் கடிதம் எழுதும். விளித்து முடித்ததும் பெரும்பாலோருக்குப் பேச எதுவும் இருக்கவில்லை, அதையும் விளக்கமாகச் சொன்னார்கள்.

கீழே இரண்டு அணியும் வார்ம்-அப் முடித்துச் சூடாக நின்றன. நான்காவது பேச்சில் ஆறின. ஆறாவது பேச்சில் கஸகஸ்தான் அணித்தலைவி தரையில் படுத்துவிட்டாள். வெளிநாட்டு நடுவர் விசிலை மூன்று முறை வாயில் வைத்து மூன்று முறை எடுத்தார். டிவினா மட்டும் கைகளை உரசிக்கொண்டே நின்றாள். ஒன்பது வருடம் காத்திருந்தவளுக்கு இது பழக்கம். அவள் தலை நிமிர்ந்தபோது மேடை நடுவில் என்னைக் கண்டாள். கண்கள் விரிந்தன. 'குயா?' என்று உதடு அசைந்தது. அண்ணன் முறைக்கு அவள் என்னை அப்படித்தான் கூப்பிடுவாள். நான் அதிகாரி மாதிரி மெதுவாகத் தலையசைத்தேன். அவமானமாகத்தான் இருந்தது.

பத்தொன்பதாவது பேச்சுக்கு அப்புறம் மிலாக்ரோஸ் என் கையில் பதினோரு பக்கம் திணித்தாள். தலைவரின் செய்தி. நான் வாசித்தேன்.

"அன்பார்ந்த விளையாட்டு ரசிகர்களே. கைப்பந்து என் உயிர் மூச்சு. இந்த ஆணையத்துக்கு என்னைத் தலைவராக நியமித்திருப்பதாகத் தொலைபேசியில் சொன்ன நாள் முதல் இந்த விளையாட்டை நான் நேசித்து வருகிறேன். இன்று உங்கள் நடுவே இருக்க என் மனம் துடிக்கிறது. ஆனால் மணிலாவின் சாலை நெரிசல் நீங்கள் அறியாததல்ல. அதைத் தீர்ப்பதற்காகப் போன ஆண்டு நான் திறந்துவைத்த மேம்பாலத்தின் மேல்தான் இந்தக் கணம் நின்றுகொண்டிருக்கிறேன்."

காகிதத்தின் தலைப்பில் தேதி பார்த்தேன். எழுதிப் பத்து நாள் ஆகியிருந்தது. பத்து நாளைக்கு முன்பே நெரிசலில் மாட்டிக்கொண்டவரை என்ன சொல்வது?

"நம் வீராங்கனைகளுக்காக நான் செய்தவற்றைச் சொல்ல என் அடக்கம் இடம் தரவில்லை. எனவே அடுத்த எட்டுப் பக்கங்களில் அவை விரிவாகத் தரப்பட்டுள்ளன. இங்கே சுருக்கம் மட்டும். பயிற்சிக்கூடத்துக்கு நான்கு முறை அடிக்கல் நாட்டினேன். நான்கும் உறுதியான கற்கள். காலணி கேட்டார்கள், என் படம் போட்ட விசிறிகள் ஐயாயிரம் தந்தேன். தோற்றால் மனம் தளராதீர்கள், வென்றால் என்னை மறவாதீர்கள்."

நிமிர்ந்து பார்த்தேன். எதிரே முதல் வரிசையில் லோர்னா மணிக்கட்டைத் தட்டிக் காட்டினாள். கஸகஸ்தான் பெண் குறட்டையே விட்டாள். எட்டுப் பக்கத்தையும் ஒரே தள்ளாகத் தள்ளி, "ஆகவே ஆட்டம் தொடங்கட்டும்" என்றேன். அரங்கம் இடிந்துவிடுகிற மாதிரி கைதட்டல். தலைவரின் பொதுவாழ்வில் அவ்வளவு கைதட்டல் அதுவரை விழுந்ததில்லை என்று பக்கத்துப் பெண்மணி பிறகு சொன்னாள்.

ஆட்டம் தொடங்கியதும் போய்க் குடும்பத்தோடு உட்காரலாம் என்று நினைத்தேன். அங்கேதான் ஏமாந்தேன். முதல் செட் வரை கேமராவுக்காக மேடையில் இருக்க வேண்டும். இரண்டாம் செட்டில் வெளிநாட்டுக் குழுவுக்கு மாலை, அவர்கள் சார்பாக வாங்கிக்கொண்டது எங்கள் ஆணையத்து ஓட்டுநர். மூன்றாம் செட்டில் சிற்றுண்டி. ஜன்னல் இல்லாத ஒரு அறைக்கு எங்களை நடத்திப்போனார்கள். மேசை நிறைய பன்சித் நூடுல்ஸும் அரிசிப் பலகாரமும் மூடிவைத்திருந்தது. தலைவர் முதல் கரண்டி எடுக்கிற படம் பிடிக்காமல் யாரும் மூடியைத் திறக்கக் கூடாது. படம் பிடிப்பவர் வரவில்லை. அவர் சார்பாக ஒருவர் வந்திருந்தார். கேமரா வராதவரிடம் இருந்தது.

பத்தொன்பது பிரதிநிதிகளும் மூடியையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். சுவருக்கு அப்பால் அரங்கம் ஆர்ப்பரிப்பதும் அடங்குவதுமாக இருந்தது. அப்போது என் கைபேசியில் கைலாவின் செய்தி வந்தது: 'அப்பா, சித்தி ஜாக்கெட்டைக் கழட்டிட்டாங்க. சீக்கிரம் வாங்க.'

கதவைத் திறந்தேன். வெளியே குச்சியோடு அர்செனியோ நின்றார். பலகாரத்தைக் காக்க அவரை வாசலிலிருந்து இங்கே மாற்றியிருந்தார்கள்.

"சார், தலைவர் வெளிய போகக் கூடாது. உத்தரவு."

"அண்ணே, நான் தலைவர் இல்ல. ஃபேன் ரிப்பேர் பண்றவன். டிவினா உள்ள எறங்கப் போறா. அவ எங்க வீட்டுப் பொண்ணு. ஒன்பது வருஷம் அண்ணே."

அர்செனியோ யோசித்தார். "பதினாலாம் நம்பரா?"

"அவதான்."

"நாற்காலி காலியா இருக்கக் கூடாதுன்னுதான் சார் உத்தரவு. தலைவர் யாரா இருக்கணும்னு அதுல இல்ல."

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். நான் பரோங்கைக் கழற்ற ஆரம்பித்தேன். அவர் கையைத் தடுத்தார்.

"முதல்ல அதிகாரக் கடிதம். அடையாள அட்டை நகல் ரெண்டு."

எங்கள் நாட்டில் சட்டையில்லாமல் வெளியே போனாலும் போகலாம், அடையாள அட்டை நகல் இல்லாமல் போகக் கூடாது. பர்ஸில் எப்போதும் நான்கு வைத்திருப்பேன். தலைவரின் உரையில் நான் தள்ளிய எட்டுப் பக்கங்களில் ஒன்றின் முதுகில் எழுதினேன்: 'இதனால் தலைவர் சார்பாகத் துணைத்தலைவர் சார்பாகச் செயலாளர் சார்பாகப் பல் டாக்டர் சார்பாக வந்திருக்கும் கிரிசாந்தோ மரலித் சார்பாகத் திரு. அர்செனியோ செயல்படுவார்.' உள்ளே கூட்டம் "பதினாலு, பதினாலு" என்று கத்தத் தொடங்கியிருந்தது. அவர் நிதானமாகப் படித்து, மடித்து, பையில் வைத்துக்கொண்டு, பரோங்குக்குள் புகுந்தார். தோளில் ஒரு தையல் விட்டது. அட்டையை அவர் கழுத்தில் மாட்டிவிட்டு ஓடினேன்.

அரங்கக் கதவில் ஒரு இளம்பெண் கையை நீட்டித் தடுத்தாள்.

"சார், பனியனோட உள்ள போகக் கூடாது. உடை விதி."

அந்த நேரத்தில் எனக்கு வந்த ஆத்திரத்தில் அழுகைதான் வந்தது. எட்டடி தூரம். கதவின் இடுக்கில் தரையின் ஆரஞ்சு நிறம் தெரிகிறது. விசில் சத்தம் கேட்கிறது. நாற்காலி கிடைத்தது, மேடை கிடைத்தது, மைக் கிடைத்தது, வந்த காரியம் மட்டும் கிடைக்கவில்லை.

"விடும்மா அவரை," என்று பின்னாலிருந்து ஒரு கனத்த குரல். இறுகிய பரோங்கில், கக்கத்தில் குச்சியோடு, அர்செனியோ. "தலைவர் சொல்றேன்."

அவள் விலகி நின்று வணங்கினாள்.

டிவினா கோட்டுக்குப் பின்னால் நின்றாள். பந்தைத் தரையில் மூன்று முறை தட்டினாள். கடைச் சுவரில் பழகிய அதே மூன்று தட்டு. அடித்தாள். பந்து நேராகப் போயிற்று. எல்லை தாண்டிவிடும் என்று நினைத்து எதிரே நின்ற உயரமான கஸகஸ்தான் பெண் கையை இழுத்துக்கொண்டாள். நான் மட்டும் ஒரு விசிறிக்காரனாகச் சிரித்தேன், அது எங்கே இறங்கும் என்று எனக்குத் தெரியும். கடைசி நேரத்தில் பந்துக்கு மனசு மாறியது. பொத்தென்று அவள் காலடியில் விழுந்தது.

லோர்னா இரண்டு கையாலும் சாப்பாட்டுப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். அடுத்ததும் விழுந்தது. மூன்றாவதை எடுத்துவிட்டார்கள். யார் இடத்தில் இறங்கியிருந்தாளோ அந்த ஆட்டக்காரி திரும்ப உள்ளே வர, டிவினா வெளியே நடந்தாள். நடந்து வந்து நேரே அக்காவின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். நான் பனியனால் மூக்கைத் துடைத்தேன்.

"தலைவர் எங்க?" என்றாள் லோர்னா.

"பன்சித் சாப்பிடறார்."

"காலைலேர்ந்து இத்தனை பேர் இன்னொருத்தர் எடத்துல வந்து நின்னாங்களே," என்றாள் தங்கையின் தலையைத் தடவிக்கொண்டே, "வேலை செஞ்சவ இவ ஒருத்திதான்."

ஆட்டத்தில் தோற்றோம். அதற்காகப் பிரிவுபசார விழா நிற்குமா? டிவினாவைக் கூப்பிட்டார்கள். ஒன்பது வருடச் சேவைக்குக் கேடயம். அதில் தலைவரின் முகம் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு இருந்தது. வீராங்கனையின் பெயர் எழுத ஒரு கோடு போட்டு விட்டிருந்தார்கள். வழங்க வந்தவர் அர்செனியோ. பழக்க தோஷத்தில் கேடயப் பெட்டிக்குள் முதலில் குச்சியை விட்டுக் கிளறிப் பார்த்தார். மிலாக்ரோஸ் மைக்கை அவர் வாயருகே நீட்டிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டாள்.

அவர் கையில் காகிதம் இல்லை. யாரையும் விளிக்கவில்லை.

"நான் இவங்க ஆடிப் பாத்ததில்ல. என் டூட்டி எப்பவும் வாசல்ல. ஒன்பது வருஷமா ப்ராக்டீஸுக்கு முதல்ல வர்றது இவங்க. பையைத் திறந்து காட்டுவாங்க, நான் குச்சி விட்டுப் பாப்பேன். ஒட்டுப்போட்ட ஷூ ஒரு ஜோடி, வேகவச்ச முட்டை ரெண்டு. ஒரு முட்டையை எனக்குக் குடுத்துட்டுப் போவாங்க. நாளையிலேர்ந்து நான் யாரு பையைப் பாக்கறது?"

அவ்வளவுதான். மைக்கைத் திருப்பிக் கொடுத்தார். நடுவர் எழுந்து நின்றார். கஸகஸ்தான் பெண்களுக்கு ஒரு வார்த்தை புரிந்திருக்காது, அவர்களும் எழுந்தார்கள். டிவினா கேடயத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, லோர்னாவின் பையிலிருந்து ஒரு முட்டையை எடுத்து அவர் கையில் வைத்தாள்.

மறுநாள் நாளேட்டில் முதல் பக்கம்: 'தலைவரின் உருக்கமான உரை. அரங்கமே எழுந்து நின்றது.' மாண்புமிகு பான்சுவேலோவுக்கு அதற்காக இன்னும் இரண்டு ஆணையங்கள் கொடுத்திருக்கிறார்கள் என்று கேள்வி.

பரோங் இன்னும் திரும்பி வரவில்லை. போன வாரம் செய்தியில் ஏதோ பாலத் திறப்பு காட்டினார்கள். நாடா வெட்டியவரின் தோளில் தையல் விட்டிருந்தது. கக்கத்தில் குச்சி. வெட்டுவதற்கு முன்னால் பாலத்தை ஒரு தடவை குத்திப் பார்த்தார்.

"போய்ச் சட்டையைக் கேட்டு வாங்கிட்டு வரட்டுமா?" என்றேன்.

லோர்னா திரையை உற்றுப் பார்த்தாள்.

"விடு சாந்தோ," என்றாள். "அது அவர்கிட்டயே இருக்கட்டும். பாலத்தையாவது ஒருத்தர் செக் பண்றாரே."